ஆசி வழங்கும் நாவும் கையும்: கிறித்தவ மரபும் பினாங்குத் தமிழரும்



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஆசி பெறும் நிகழ்ச்சி நடைபெறுவது வழக்கம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும் வரை, தேர்வுக்கு முந்திய நாள்களில் இது சிறப்பாக நடந்து வந்தது. தேர்வு போனாலும் ஆறாம் ஆண்டு மாணவர் விடைபெறும் நாளிலும், ஆசிரியர் தினத்திலும் அவ்வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. மாணவர்கள் வரிசையாக வந்து பெரியோரின் பாதம் தொட்டு வணங்குவர். பெரியோர் தலைமேல் கைவைத்து வாழ்த்துவர்.

இவ்வேளையில் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி எழுவதுண்டு. கிறித்தவ வீட்டுப் பிள்ளைகளில் சிலர் காலில் விழத் தயங்குகின்றனர், கைகூப்பி நின்றுவிடுகின்றனர். சில பெற்றோர், பிள்ளையை அன்று அனுப்பலாமா வேண்டாமா என்று மனம் குழம்புகின்றனர். பார்ப்பவர்களுக்கோ, இது பெரியோரை மதியாமையாகத் தோன்றிவிடுகிறது. உண்மை அதுவன்று. கிறித்தவ வாழ்வில் ஆசி என்பது மையமான ஒன்று. ஆனால் அதன் பொருளும் முறையும் சற்று வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை வரலாற்று வழியில் அறிந்துகொண்டால் குழந்தையின் மனமும் நோகாது. நம் மரபும் குன்றாது. அந்நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழில் ‘வாழ்த்து’ என்பது ‘வாழ்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. வாழ்தல் தன்வினை, பிறரை வாழச் செய்யும் சொல் வாழ்த்து. தொல்காப்பியர் செய்யுளியலில் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என வாழ்த்தினை வகைப்படுத்திக் கூறுகிறார். இவற்றுள் வாயுறை வாழ்த்து என்பது வேம்பு போல முதலில் கசந்தாலும் பின்னர் நன்மை பயக்கும் சொல் என்பர் உரையாசிரியர். ஆகவே, இனிக்கப் பேசுவது மட்டுமே வாழ்த்தாகாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

வாழ்த்துக்கு உரிய வினைமுற்று வியங்கோள். வாழ்க, வாழிய, வாழியர் என்பன நாம் வகுப்பில் கற்பிக்கும் எடுத்துக்காட்டுகள். ஒரு செய்தி இங்கு நோக்கத்தக்கது. வாழ்த்துவதற்கு மட்டுமன்றி, வைவதற்கும் இதே வியங்கோள்தான் பயன்படுகிறது. ‘வாழ்க’ என்பதும் ‘ஒழிக’ என்பதும் இலக்கணத்தில் உடன்பிறப்புகள். மற்றொன்று: வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். நன்னூலாரோ அது மூவிடத்திலும் ஐம்பாலிலும் வரும் என்று விரித்துரைத்தார். இடைப்பட்ட காலத்தில் வாழ்த்தின் எல்லை இலக்கணத்திலேயே விரிந்துவிட்டது.

கிறித்தவத் திருமறையின் மூலமொழிகளைப் பார்ப்போம். எபிரேயத்தில் ஆசியைக் குறிக்கும் ‘பாரக்’ என்னும் வினை, ‘முழங்கால்’ என்னும் சொல்லோடு ஒலியொப்புமை உடையது. கிரேக்கத்தில் ‘எவுலோகியா’, இலத்தீனில் ‘பெனெதிச்சியோ’; இரண்டும் ‘நல்லது கூறுதல்’ என்றே பொருள்படும். பெனடிக்ட் என்னும் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஆசீர்வாதப்பர்’ என்று வழங்குவதன் காரணமும் இதுவே. 

எபிரேயச் சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. கடவுள் மனிதரை ஆசீர்வதிப்பதற்கும், மனிதர் கடவுளைப் போற்றுவதற்கும் அம்மொழியில் ஒரே வினைதான். தமிழில் திருமறையைப் பெயர்த்தோர் அதனை இரண்டாகப் பிரித்து, மேலிருந்து கீழ் வருவதை ‘ஆசீர்வாதம்’ என்றும், கீழிருந்து மேல் செல்வதை ‘ஸ்தோத்திரம்’ என்றும் வழங்கினர். மூத்தோர் இளையோரை வாழ்த்துவர், இளையோர் மூத்தோரை வணங்குவர் என்னும் தமிழர் முறைக்கு இப்பிரிவு இசைந்தது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று இன்றும் மேடையில் கேட்கிறோம் அல்லவா?

ஆசி யாருடையது?

திருமறையின் ஆசிமொழிகளுள் மிகப் புகழ்பெற்றது, எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆரோன் குலத்துக் குருக்களுக்குக் கற்பிக்கப்படும் ஆசி. எபிரேயத்தில் அது மூன்றே வரிகள். முறையே மூன்று, ஐந்து, ஏழு சொற்கள். கடவுள் காத்தருளவும், அவர் திருமுகம் ஒளிரவும், அமைதி நல்கவும் வேண்டுவது அதன் சாரம். 1979-ஆம் ஆண்டில் எருசலேமில் கேத்தேப் இன்னோம் என்னும் இடத்துக் கல்லறையில், கேப்ரியல் பர்க்காய் என்னும் தொல்லியலாளர் தலைமையில் நடந்த அகழாய்வில், சுருட்டப்பட்ட இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. அவற்றை விரித்துப் படித்தபோது இதே ஆசிமொழி காணப்பட்டது. அவை ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகள் பழமையானவை. திருமறைப் பகுதி ஒன்றைத் தாங்கி இன்று நம் கைக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகத் தொன்மையானவை. நம் ஊரில் குழந்தைக்குத் தாயத்து கட்டுவதுபோல, யாரோ ஒருவர் அவ்வாசியைக் கழுத்தில் அணிந்திருக்க வேண்டும்.

அவ்வாசியை அடுத்து வரும் வசனத்தின் கருத்து இன்னும் முக்கியமானது. குருக்கள் மக்கள்மேல் கடவுளின் பெயரைக் கூறவேண்டும், ஆசீர்வதிப்பவர் கடவுளே. ஆக, ஆசி கூறுபவரிடம் சேமிப்பாக எந்த ஆற்றலும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கைநீட்டும் வாயிலாக மட்டுமே நிற்கிறார்.

இக்கருத்திலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. ஆசி கூறுபவருடைய தகுதியைப் பொறுத்ததன்று ஆசி. பெரியவரே சிறியவரை ஆசீர்வதிப்பார் என்னும் கருத்தும் திருமறையில் உண்டு. ஆனால் அம்முறையை மீறும் நிகழ்ச்சி ஒன்று ஆதியாகமத்தில் வருகிறது. பஞ்சத்தால் எகிப்துக்குப் பிழைக்க வந்த முதியவர் யாக்கோபு. அவர் ஆடு மேய்ப்பவர், அந்நிய நாட்டார். எகிப்திய அரசன் பார்வோன்முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டபோது, அவர் அரசனை ஆசீர்வதிக்கிறார். விடைபெறும்போது மீண்டும் ஒருமுறை ஆசீர்வதிக்கிறார். பிழைக்க வந்தவன் நாட்டை ஆள்பவனுக்கு ஆசி கூறுகிறான்! கடல் கடந்து வந்த தமிழரின் வழித்தோன்றல்களாகிய நாம் நின்று எண்ணிப் பார்க்கத்தக்க காட்சி இது.

புதிய ஏற்பாடு இவ்வெல்லையை இன்னும் விரிக்கிறது. துன்புறுத்துவோருக்கும் ஆசி கூறுங்கள் என்கிறார் பவுல். ஒரே வாயிலிருந்து ஆசியும் சாபமும் புறப்படலாகாது என்கிறார் யாக்கோபு. ‘வாழ்க’, ‘ஒழிக’ இரண்டும் ஒரே வியங்கோள் என்று நாம் முன்னர்க் கண்டது இங்கு நினைவுக்கு வரும். குழந்தைகளைத் தம்மிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது, இயேசு அவர்களைக் கடிந்து, குழந்தைகளை அணைத்து, அவர்கள்மேல் கைவைத்து ஆசி வழங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அக்குழந்தைகள் காலில் விழுந்ததாக அங்கு இல்லை. கை குழந்தையை நோக்கி இறங்கியது.

தமிழில் ஒலித்த ஆசி

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் பணியாற்றினார். அவருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். நோயுற்றோர் வீடுகளுக்கெல்லாம் தாமே செல்ல இயலாதபோது, மன்றாட்டுகளைக் கற்ற சிறுவர்களை அனுப்பினார் என்பது 1544-இல் அவர் எழுதிய மடலால் தெரிகிறது. படுக்கையில் கிடந்த பெரியவருக்காகச் சிறுவர்கள் தமிழில் மன்றாடினர். ‘வாழ்த்த வயதில்லை’ என்று அச்சிறுவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, 1545-இல், சவேரியார் மலாக்காவை அடைந்தார்.

1578-இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது. சீர்திருத்தச் சபையாரின் வழி வேறு. மார்ட்டின் லூத்தர் 1526-இல் வெளியிட்ட செர்மானிய வழிபாட்டு முறையில் ஆரோனின் ஆசியை வழிபாட்டின் இறுதியில் அமைத்தார். அம்மரபில் வந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவுற்றது. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை அவர் மொழிபெயர்த்திருந்தார். எண்ணாகமம் அதனுள் அடங்கும். அதாவது, 1719-இல் அவர் மறைவதற்கு முன்பே, ஆரோனின் ஆசி தமிழ் வடிவம் பெற்றுவிட்டது.

இவ்விரு மரபுகளின் சொல்வழக்கும் சற்று வேறானது. புதுவீட்டுக்கும் வாகனத்துக்கும் ஆசி வழங்குவதைக் கத்தோலிக்கர் ‘மந்திரித்தல்’ என்பர். சீர்திருத்தச் சபையார் அச்சொல்லைத் தவிர்த்துப் ‘பிரதிஷ்டை’ என்பர். வகுப்பில் ஒரு மாணவன் ‘எங்கள் புதிய காரை மந்திரித்தார்கள்’ என்று கட்டுரை எழுதினால், ஆசிரியர் அதைப் பிழை எனத் திருத்திவிட வேண்டாம். அது நானூறு ஆண்டுத் தமிழ் மறைப்பணியின் வழிவந்த சொல்.

பினாங்கில்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்ட சில நாள்களிலேயே, கெடாவிலிருந்து ஆயர் கார்னோவும் அவருடைய கத்தோலிக்க மக்களும் இங்கு வந்து சேர்ந்தனர். விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் தொடக்கம் அது. 1808-இல் பாரிஸ் வேதபோதக சபையின் பொதுக் குருத்துவக் கல்லூரி பினாங்கில் நிலைகொண்டது. ஆங்கிலத் திருச்சபையின் புனித ஜார்ஜ் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டு, 1819-இல் கல்கத்தாவிலிருந்து வந்த ஆயர் மிடில்டன் அதனை அருட்பொழிவு செய்தார். அன்று பினாங்கு கல்கத்தா ஆயரின் திருச்சபை ஆளுகைக்கு உட்பட்டிருந்ததால், ஆசி வழங்கும் கையும் கல்கத்தாவிலிருந்தே வரவேண்டியிருந்தது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு உரிய ஆலயமாகப் பினாங்கு சாலையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் எழுந்தது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரும், நகரில் வேலை தேடி வந்தோரும் தமிழகத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நம் பாட்டன்மார் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாகப்பட்டினத்துக்கு அண்மையில்தான் வேளாங்கண்ணி. சற்று வடக்கே தரங்கம்பாடி. ஆகவே பினாங்குத் தமிழ்க் கிறித்தவரின் ஆசிமொழி, அக்கரையில் உருவாகி இக்கரைக்குக் கப்பலேறி வந்த மொழி எனலாம்.

எனினும், கத்தோலிக்கத் திருப்பலியில் குரு வழங்கிய ஆசி நெடுங்காலம் இலத்தீனில்தான் இருந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கு அதன் பொருள் விளங்காது. கையசைவு மட்டுமே விளங்கும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள்மொழிக்கு இடம் அளித்த பின்னரே, பீடத்திலிருந்து வரும் ஆசி தமிழில் ஒலிக்கத் தொடங்கியது. கேட்பவருக்குப் புரியும்போதே ஆசி முழுமை பெறுகிறது என்பதைத் திருச்சபையே ஏற்றுக்கொண்ட காலம் அது.

ஆசி தன் சமூகத்தின் வேலிக்குள் நின்றுவிடாமைக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தில் ஆண்டுதோறும் சூலை 26-ஐ ஒட்டிப் பெருவிழா நடைபெறுகிறது. 1888-இல் கட்டப்பட்ட பழைய ஆலயமும், 2002-இல் எழுந்த பெரிய ஆலயமும் அங்கு உள்ளன. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் திருப்பலி நிகழும். மெழுகுவர்த்தி ஏந்திச் செல்லும் கூட்டத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் இருப்பர். அங்குள்ள நீரை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் பலர். அன்னம்மாள், மரபுவழிச் செய்தியின்படி, மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. பாட்டியின் ஆசியை நாடி வருவோரிடம் அங்கு யாரும் சமயம் கேட்பதில்லை.

வீட்டில் இறங்கிய கை

1984-இல் கத்தோலிக்கத் திருச்சபை ஆசியளித்தலுக்கான சடங்குநூலைப் புதுப்பித்து வெளியிட்டது. சில ஆசிகளைப் பொதுநிலையினரும் வழங்கலாம் என்பது அதில் தெளிவாக்கப்பட்டது. பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆசி வழங்குவது அவற்றுள் ஒன்று. தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் இது புதிதன்று. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் தாய் பெருவிரலால் சிலுவை வரைவது பழகிப்போன காட்சி. சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் இரவு குடும்ப செபத்தின் முடிவில் தந்தை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி மன்றாடுவார். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் பெறும் வாக்குத்தத்த வசன அட்டை, ஆண்டு முழுதும் வரவேற்பறைச் சுவரில் இருக்கும்.

காலில் விழும் தயக்கத்துக்கு இப்போது வருவோம். அப்போஸ்தலர் பணிகள் நூலில், கொர்நேலியு என்னும் படைத்தலைவர் பேதுருவின் காலில் விழுகிறார். பேதுரு அவரைத் தூக்கி நிறுத்தி, தாமும் மனிதனே என்கிறார். சீர்திருத்தச் சபையார் பலர் இதை மனத்தில் கொண்டு, காலில் விழுவதைக் கடவுளுக்கே உரியதாக ஒதுக்கிவைக்கின்றனர். தமிழ்க் கத்தோலிக்கருள் பலர் திருமண நாளில் பெற்றோரின் காலில் விழுந்து ஆசி பெறுவர். எனவே ‘கிறித்தவர் எல்லாரும் இப்படித்தான்’ என்று பொதுவிதி கூற இயலாது. அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டறிவதே முறை. ஆனால், தாய் தந்தையரை மதித்தல் பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பள்ளிக்கு

இவ்வரலாற்றிலிருந்து நமக்குப் பயன்படக்கூடியவை சில.

முதலாவது, ஆசி பெறும் நிகழ்ச்சியில் வணங்கும் முறையைக் குழந்தையின் விருப்பத்துக்கு விடலாம். பாதம் தொடுவோர் தொடட்டும், கைகூப்புவோர் கூப்பட்டும். இரு வகையினருக்கும் ஒரே அன்போடு ஆசி வழங்கினால் போதும். கைகூப்பி நிற்கும் குழந்தையைச் சபைநடுவே ‘விழு’ என்று வற்புறுத்துவது, அதற்கு வழங்க வந்த ஆசியையே கசப்பாக்கிவிடும்.

இரண்டாவது, குழந்தையின் பெயரைச் சொல்லி, அதற்கு விளங்கும் எளிய தமிழில் வாழ்த்துங்கள். வரிசையில் நூறு பேருக்கும் ‘நல்லா இரு, நல்லா இரு’ என்று ஒப்புக்குச் சொல்வதைவிட, ‘கவிதா, உன் பொறுமை உன்னை உயர்த்துக’ என்று ஒரு சொல் கூறுவது அக்குழந்தைக்கு வாழ்நாள் செல்வம். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் பெருகிவிட்ட இந்நாளில், பாட்டி கூறும் ஆசி பேரனுக்குப் புரியாமல் போகும் நிலை வந்துகொண்டிருக்கிறது. பீடத்திலிருந்து வந்த ஆசி இலத்தீனைவிட்டுத் தமிழுக்கு வர நூற்றாண்டுகள் பிடித்தன. வீட்டில் பாட்டியின் தமிழ் பேரனுக்கு இன்னொரு இலத்தீனாக ஆகிவிட ஒரு தலைமுறை போதும். வியங்கோள் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் நடத்தாமல், மாணவர்கள் தம் பெற்றோருக்கும் நண்பருக்கும் வாழ்த்து எழுதிப் பழகும் பாடமாக நடத்தலாம்.

மூன்றாவது, குழந்தைகளும் ஆசி கூறட்டும். சவேரியாரின் சிறுவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றதை நினையுங்கள். நோயுற்ற வகுப்புத் தோழனுக்கும், ஓய்வு பெறும் ஆசிரியருக்கும், பள்ளித் தோட்டக்காரருக்கும் நம் மாணவர்கள் தத்தம் சமய வழியில் வாழ்த்துக் கூறலாம். தமிழர் முறையில் அதை வணக்கம் என்று அழைத்தாலும், உள்ளே இருப்பது ஆசியே.

நான்காவது நம் நாவைப் பற்றியது. ‘நீ உருப்பட மாட்டாய்’ என்று வெள்ளிக்கிழமை கூறிய வாய், திங்கட்கிழமை மேடையில் ‘வாழ்க’ என்று கூறினால், குழந்தை எதை நம்பும்? கண்டிப்பு வேண்டும், வாயுறை வாழ்த்தும் கசக்கத்தான் செய்யும். ஆனால் கசப்பு மருந்தும் சாபமும் ஒன்றல்ல. மருந்தில் ‘நீ நலம் பெறுவாய்’ என்னும் நம்பிக்கை கலந்திருக்கும். சாபத்தில் அது இராது.

கிறித்தவ மரபு ஆசியைக் கூறுபவரின் பெருமையாகக் காண்பதில்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் செய்யவேண்டிய கடமையாகவே காண்கிறது. மேய்ப்பன் மன்னனுக்கும், சிறுவன் முதியவனுக்கும், துன்புறுவோன் துன்புறுத்துவோனுக்கும் அதைச் செய்யலாம். நன்னூலாரின் வியங்கோளும் மூவிடத்தும் ஐம்பாலுக்கும் உரியதல்லவா? இந்த ஒரு கருத்தில் நம் இலக்கணமும் அவர்களின் திருமறையும் கைகோத்து நிற்கின்றன. அடுத்த ஆசி நிகழ்ச்சியில் நம் பிள்ளைகள் அனைவரும், எம்முறையில் வணங்கினாலும், குறையின்றி ஆசி பெற்று வீடு திரும்புக.

வாழ்க வளர்க.